இரண்டாவது காசு

(லண்டனில் ஒரு தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் மாலையில், குறும்படத் திரையிடலைத் தொடர்ந்து ஆற்றிய உரை)



இப்போதுதான் லைற்றைப் போட்டார்கள். இருட்டில் நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் மண்டபத்தில் இருக்கிறது. அதைக் கலைக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் ஏற்பாட்டாளர்கள் என்னைப் பேசக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். வொலஸும் அவருடைய நாய் குரோமிற்றும் சந்திரனுக்குப் போகிற பொம்மைப் படத்தை இருபத்து மூன்று நிமிடம் பார்த்தோம். கதாநாயகன் யார்? வொலஸ் என்று இந்தப் பக்கம் ஒரு குரல். குரோமிற் என்று அந்தப் பக்கம் பத்துக் குரல். நாய்க்குத்தான் எப்போதும் வாக்கு அதிகம். நல்லது. ஆனால் என் கதாநாயகன் வொலஸ் இல்லை. குரோமிற்றும் இல்லை. சந்திரனில் தன்னந்தனியாக நின்றதே, பழைய கேஸ் அடுப்புக்குச் சில்லுப் பூட்டினதுபோல ஒரு பெட்டி, அதுதான் என் கதாநாயகன். அதற்குப் பெயர்கூட இல்லை. குக்கர் என்கிறார்கள். இன்றைக்கு நான் பேசப்போவது அந்த அடுப்பைப் பற்றித்தான்.

படம் வந்த கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். 'எ கிராண்ட் டே அவுட்'. எடுத்தவர் நிக் பார்க். பிரெஸ்ரன் ஊரில் 1958இல் பிறந்தவர். லண்டனுக்கு வெளியே பீக்கன்ஸ்ஃபீல்டில் இருக்கிற தேசியத் திரைப்படப் பள்ளியில் மாணவனாக இருந்தபோது, 1982இல் இதைத் தொடங்கினார். முடித்தது 1989இல். பிள்ளைகளே, கணக்குப் போடுங்கள். ஏழு வருடம்! ஒன்றாம் வகுப்பில் தொடங்கினால் ஏழாம் வகுப்பு முடியும்வரை ஒரே வீட்டுப்பாடம். இடையில் 1985இல் பிரிஸ்ரல் நகரத்து ஆர்ட்மன் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, அவர்களுடைய வேலையையும் பார்த்துக்கொண்டு, தன்னுடைய படத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக முடித்தார்.

ஏன் ஏழு வருடம்? திரையில் ஒரு நொடி ஓடுவதற்கு 24 படம் வேண்டும். பொம்மையை மயிரிழை அசைத்து ஒரு படம், இன்னும் மயிரிழை அசைத்து இன்னொரு படம். சில இடங்களில் ஒரே நிலையை இரண்டு தரம் எடுத்துக் கொஞ்சம் மிச்சம் பிடிப்பார்கள். அப்படியும் 23 நிமிடத்துக்கு முப்பத்து மூவாயிரம் படம்! வொலஸ் ஒரு பிஸ்கற்றை வாயில் வைப்பதற்குள் எடுத்தவருக்கு ஒரு பகல் போய்விடும்.

பொம்மை செய்த பொருள் பிளாஸ்ரிசீன். அதுவும் இந்த நாட்டுப் பிறப்புத்தான். பாத் நகரத்தில் வில்லியம் ஹார்பட் என்று ஒரு சித்திர ஆசிரியர். களிமண்ணில் சிலை செய்யும் மாணவர்களுக்கு மண் காய்ந்து வெடித்துப்போகிறதே என்று யோசித்து, காயாத களி ஒன்றை 1897இல் செய்தார். நம்முடைய குயவர் வீட்டு மண் காயவேண்டும், சூளையில் வேகவேண்டும், அப்போதுதான் சட்டி. இது நேர்மாறு. காய்ந்தால் கெட்டது. காயாமல் இருப்பதால்தான் வொலஸின் வாயை இன்றைக்கும் விரிக்கலாம், நாளைக்கும் விரிக்கலாம். விரித்த விரல்களின் ரேகை அதில் பதியும். அடுத்த தரம் பார்க்கும்போது வொலஸின் கன்னத்தைக் கவனியுங்கள். கன்னம் சும்மா இருக்கிற நேரத்திலும் மேல்தோல் லேசாகத் துடிக்கும். அது பிழை இல்லை. ஒரு மனிதன் அங்கே கை வைத்திருந்தான் என்பதற்கு அடையாளம். கொழுக்கட்டையில் அம்மாவின் விரல் பதிந்திருப்பதுபோல.

வொலஸுக்குக் குரல் கொடுத்தவர் பீற்றர் சாலிஸ் என்ற புகழ்பெற்ற நடிகர். மாணவன் கேட்டான் என்று, ஐம்பது பவுணைத் தர்மத்துக்குக் கொடு என்று சொல்லிவிட்டுப் பேசிக் கொடுத்தார். படம் முடிந்துவிட்டது என்று அவருக்குச் செய்தி போனபோது ஆறு வருடம் கழிந்திருந்தது. இப்படியொரு மாணவன் நம் பள்ளியில் இருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? தம்பி, முதலில் கணிதத்தைப் பார் என்றிருப்போம்.

இனி அடுப்புக்கு வருவோம். நிக் பார்க் முதலில் எழுதிய கதையில் சந்திரன் இவ்வளவு வெறுமையாக இருக்கவில்லை. அங்கே ஏராளமான பாத்திரங்கள், சாப்பாட்டுக்கடைகூட இருந்தது. இந்த வேகத்தில் போனால் இந்தப் பிறவியில் முடியாது என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாக வெட்டினார். வெட்டி வெட்டிக் கடைசியில் மிஞ்சியது இந்த ஓர் இயந்திரம். அது அவ்வளவு தனிமையாக நிற்கிறதே, அந்தத் தனிமை திட்டமிட்டு வந்ததல்ல. நேரமும் காசும் போதாமல் வந்தது. எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

அந்த அடுப்பு என்ன செய்கிறது? வொலஸ் அதன் துளையில் பத்துப் பென்ஸ் குத்திக்காசு ஒன்றைப் போடுகிறார். ஒன்றும் நடக்கவில்லை. தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுகிறார். போன பிறகுதான் அது எழும்புகிறது. எழும்பினதும் என்ன செய்கிறது? ஆடுகிறதா, பாடுகிறதா? இல்லை. வேலை செய்கிறது! வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன சாப்பாட்டுத் தட்டுகளைப் பொறுக்குகிறது. அவர்கள் வெட்டித் தின்ற சந்திரனின் துண்டை மறுபடி ஒட்டுகிறது. ரொக்கெற் நிற்கக்கூடாத இடத்தில் நிற்கிறது என்று தண்டச் சீட்டு எழுதுகிறது. எண்ணெய் ஒழுகுகிறது என்று கோபப்படுகிறது. சந்திரனிலும் பார்க்கிங் ரிக்கெற்! சிரித்தீர்கள். அப்பாமார் கொஞ்சம் குறைவாகச் சிரித்ததையும் கவனித்தேன்.

இந்த அடுப்புக்கு முகம் இல்லை. கண் இல்லை. வாய் இல்லை. ஒரு சொல் பேசுவதில்லை. ஆனால் அது எப்போது கோபப்படுகிறது, எப்போது ஆசைப்படுகிறது, எப்போது வெட்கப்படுகிறது என்று இந்த மண்டபத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்ததே, எப்படி? கையால். இரண்டே இரண்டு கை. பக்கத்து அறையில் பரத வகுப்பு நடக்கிறது, தட்டுக்கழி ஓசை சுவரைத் தாண்டி இங்கே கேட்கிறது. அங்கே ஆசிரியை முகத்தில் பாவத்தைக் கொண்டுவா என்று பிள்ளையோடு போராடிக்கொண்டிருப்பார். நிக் பார்க் முகத்தையே தூக்கி எறிந்துவிட்டார். முத்திரை மட்டும் போதும் என்று விட்டுவிட்டார்.

தட்டுப் பொறுக்கும்போது அதன் கை எப்படி இருந்தது? விறுவிறு என்று, பழக்கப்பட்ட கை. ஆயிரம் தட்டுக் கழுவின கை. அதே கையில் வொலஸ் விட்டுப்போன பனிச்சறுக்குப் புத்தகம் ஒன்று அகப்படுகிறது. அங்கேதான் கை நின்றுபோகிறது. வேகம் போய்விடுகிறது. பக்கத்தைப் புரட்டுகிறது. வெள்ளைப் பனி, மலை, சறுக்கிப் போகிற மனிதர்கள். அந்தப் பெட்டிக்குள் ஓர் ஆசை பிறக்கிறதை நாம் பார்க்கிறோம். வசனம் ஒன்றும் இல்லை. வேகமாக ஓடின கை மெதுவாகிறது. அவ்வளவுதான்.

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல அனுமதி வேண்டும். நான் 1986இல் இந்த ஊருக்கு வந்தேன். ரூற்றிங்கில் ஓர் அறை, நாலு பேர். மூலையில் ஒரு கேஸ் அடுப்பு. அடுப்புக்குப் பக்கத்தில், இங்கே இருக்கிற இளம் பிள்ளைகள் கண்டிருக்கமாட்டீர்கள், காசு போடுகிற மீற்றர். ஐம்பது பென்ஸ் குத்திக்காசைத் துளையில் வைத்துப் பிடியைத் திருகினால் கடகட என்று உள்ளே விழும். கேஸ் வரும். காசு முடிந்தால் நெருப்பு நீலமாகிச் சிறுத்து, 'பொக்' என்று ஒரு சத்தம். போச்சு. பானையில் சோறு அரை அவியல். வீட்டுக்காரர் மீற்றரைத் தன் இஷ்டத்துக்கு முறுக்கி வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது, ஐம்பது பென்ஸுக்குக் கிடைக்கவேண்டிய நெருப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை. அது போகட்டும். ஜாம் போத்தல் ஒன்றில் ஐம்பது பென்ஸ் காசுகளைச் சேர்த்து வைப்போம். இரவு பத்து மணிக்குப் பக்கத்து அறைக் கதவைத் தட்டி, 'அண்ணை, ஒரு அம்பது பென்ஸ் குத்தி இருக்கே?' என்று கேட்காத பெடியன் அந்தக் காலத்து லண்டனில் இல்லை.

எனக்கு வேலை ஸ்ரெத்தத்தில் ஒரு பெற்றோல் ஷெட்டில். இரவு வேலை. கண்ணாடிக்குப் பின்னால் தனியாக இருக்கவேண்டும். யார் வந்தாலும் துளை வழியாகக் காசை வாங்கவேண்டும். காசு விழுந்தால் எழும்பி வேலை செய்யவேண்டும். சிந்தின எண்ணெய்க்கு மண் போடவேண்டும். எறிந்த குப்பையைப் பொறுக்கவேண்டும். கார் நிற்கக்கூடாத இடத்தில் நின்றால் சத்தம் போடவேண்டும். இந்தப் பட்டியலை எங்கேயோ கேட்டதுபோல இருக்கிறதா?

1990ஆம் ஆண்டு கிறிஸ்மஸுக்கு முதல் நாள், டிசம்பர் 24, இந்தப் படத்தைச் சனல் 4இல் போட்டார்கள். நாலு பேரும் கட்டில் விளிம்பில் இருந்து பார்த்தோம். படம் தொடங்கும்போது வொலஸ் யோசிப்பது எதைப்பற்றி? பாங்க் ஹொலிடேக்கு எங்கே போகலாம் என்று! எங்களில் ஒருவன் சொன்னான், 'பாங்க் ஹொலிடே எண்டா டபுள் பே, இதில யோசிக்க என்ன கிடக்கு?' சிரித்தோம். வீட்டில் சீஸ் இல்லை, சந்திரன் சீஸால் ஆனது, ஆகவே சந்திரனுக்குப் போவோம் என்று நிலவறையில் ரொக்கெற் கட்டினார்கள். அதற்கும் சிரித்தோம். குக்கர் எழும்பித் தட்டுப் பொறுக்கத் தொடங்கியதும் எங்கள் சிரிப்பின் சத்தம் மாறியது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கிறிஸ்மஸ். லண்டனில் அன்றைக்குப் பாதாள ரயில் ஓடாது. ரூற்றிங்கிலிருந்து ஸ்ரெத்தம்வரை நடந்தேன். தெருவில் ஒரு சனம் இல்லை. தெரிந்த ஒரே வெளிச்சம் நான் போய் உட்காரவேண்டிய கண்ணாடிக் கூடு. எனக்கு அப்போது வொலஸோ குரோமிற்றோ ஞாபகத்துக்கு வரவில்லை.

ரோபோ என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆங்கிலமில்லை. செக் மொழி. கரெல் சாப்பெக் என்ற எழுத்தாளர் 1920இல் ஒரு நாடகம் எழுதினார். செயற்கை மனிதர்களை வைத்து வேலை வாங்கும் ஒரு தொழிற்சாலையின் கதை. அவர்களுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று சகோதரரைக் கேட்க, அவர் எடுத்துக் கொடுத்த சொல் ரோபோ. அதன் வேர், ரோபோட்டா. பொருள், கூலியில்லாமல் கட்டாயத்துக்குச் செய்கிற வேலை. இதற்கு நம்மிடம் சொல் இல்லையா? சோழர் கல்வெட்டில் இருக்கிறது: வெட்டி. அதனால்தான் இன்றைக்கும் பயனில்லாத வேலையை வெட்டி வேலை என்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் காலத்தில் இருந்தது: ஊழியம். ஆகவே பிள்ளைகளே, ரோபோவுக்குத் தமிழில் என்ன என்று ஆசிரியர் கேட்டால் எந்திரன் என்று எழுதுங்கள், மார்க் கிடைக்கும். ஆனால் சொல்லின் வேரைப் பார்த்தால் அவன் ஊழியக்காரன்.

சாப்பெக்கின் நாடகம் 1923இல் லண்டனில் மேடையேறியது. ஐந்து வருடம் கழித்து, 1928 செப்ரெம்பரில், வெஸ்ற்மின்ஸ்ரரில் ஒரு மண்டபத்தில் மாதிரிப் பொறியியல் கண்காட்சி. திறந்து வைக்க யோர்க் கோமகன் வருவதாக ஏற்பாடு. அவர் வரவில்லை. என்ன செய்தார்கள்? அலுமினியத்தால் ஓர் ஆளைச் செய்து மேடையில் நிறுத்திவிட்டார்கள். பெயர் எரிக். நெஞ்சில் அந்தச் செக் நாடகத்தின் பெயரான மூன்று எழுத்துகள். எரிக் எழும்பி நின்றான், சபைக்குத் தலைவணங்கினான், நான்கு நிமிடம் சொற்பொழிவு ஆற்றினான், இருந்தான். பிற்பாடு எங்கேயோ தொலைந்து போனான். 2016இல் சவுத் கென்சிங்ரன் அறிவியல் அருங்காட்சியகத்துக்காக அவனைப் பழைய படங்களைப் பார்த்துத் திரும்பவும் செய்தார்கள். நான்கு நிமிடம்! ஏற்பாட்டாளர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கோமகன் வராத இடத்துக்கு இயந்திரம் வந்தது. இந்த மேடைக்கும் யாரோ வரமுடியாமல்தான் என்னைக் கூப்பிட்டிருப்பார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வேறு படங்களிலும் இந்த ஊழியக்காரனைப் பார்க்கலாம். பிள்ளைகளுக்குத் தெரிந்த வோல்-ஈ, 2008இல் வந்தது, குப்பை அள்ளுகிறவன். அதே வருடம் அதோடு சேர்த்து பர்ன்-ஈ என்று ஒரு குறும்படம் விட்டார்கள். எட்டு நிமிடமும் வராது. விண்கப்பலுக்கு வெளியே ஒரு விளக்கைப் பற்றவைத்துச் சரிசெய்கிற வெல்டிங் தொழிலாளி. பெரிய கதாநாயகர்கள் உள்ளே காதலும் புரட்சியும் செய்துகொண்டிருக்க, இவனை வெளியே வைத்துக் கதவு பூட்டப்பட்டுவிடுகிறது. தேடிப் பார்த்து வையுங்கள். ஆனால் வோல்-ஈக்குப் பெரிய கண் வைத்துவிட்டார்கள். கண் வைத்துவிட்டால் பாதி வேலை லேசு. கண்ணில்லாத அடுப்பு 19 வருடம் முந்தியது.

நம்முடைய எழுத்தாளர் சுஜாதாவையும் சொல்லாமல் விட்டால் குற்றம். 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்று ஒரு ரோபோ நாய். அது பேசும், புத்தகம் படிக்கும், நியாயம் கேட்கும். குரோமிற் அசல் நாய், ஒரு சொல் பேசாது, ஆனால் புத்தகம் படிக்கும். இரண்டு நாய்க்கும் ஒரு பழக்கம் பொது: எசமானைவிடக் கொஞ்சம் கூடப் புத்தி.

இனி உண்மையான சந்திரனுக்குப் போவோமா? வொலஸ் சந்திரனை வென்ஸ்லிடேல் சீஸோ என்று நாக்கில் வைத்துப் பார்க்கிறார். நமக்குச் சந்திரன் எது தெரியுமா? நாமக்கல்! சிரிக்காதீர்கள், உண்மை. சந்திரனின் மேட்டுநில மண்ணுக்கு மிக நெருங்கிய பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பக்கத்தில் கிடைக்கிறது. இஸ்ரோ அதை இடித்துத் தூளாக்கி, செயற்கைச் சந்திரத் தரை செய்து, தன் வண்டிகளை அதில் ஓட்டிப் பழக்கியது. 2023 ஆகஸ்ட் 23, இந்திய நேரம் மாலை 6 மணி 4 நிமிடம், சந்திரயான்-3 இறங்கியது. திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். இந்த மண்டபத்தில் எத்தனை பேர் வேலை நேரத்தில் போனை மேசைக்குக் கீழே வைத்துப் பார்த்தீர்கள்? கையைத் தூக்கவேண்டாம், மனேஜர் யாராவது இருப்பார்.

இறங்கின பொறியின் வயிற்றிலிருந்து சாய்பலகையில் உருண்டு வந்தது பிரக்யான் என்ற வண்டி. இருபத்தாறு கிலோ. ஆறு சில்லு. ஓரிடத்தில் நாலு மீற்றர் அகலப் பள்ளம் ஒன்று முன்னால் வந்தது. பார்த்தது, திரும்பியது, வேறு வழியால் போனது. நூறு மீற்றருக்குமேல் ஓடிவிட்டுச் செப்ரெம்பர் 2ஆம் திகதி தூங்கவைக்கப்பட்டது. ஏன்? பிரக்யானுக்குச் சூரியன்தான் குத்திக்காசு. சந்திரனில் ஓர் இரவு நமக்குப் பதினான்கு நாள். விடிந்ததும் எழும்புமா என்று 22ஆம் திகதி கூப்பிட்டுப் பார்த்தார்கள். எழும்பவில்லை. ஒட்டவேண்டிய துண்டுகளை ஒட்டாமல், எழுதவேண்டிய சீட்டை எழுதாமல், இன்றைக்கும் அங்கே நிற்கிறது.

இந்த நாட்டுக்காரருக்கும் அப்படி ஒன்று இருந்தது. பீகிள்-2. டார்வின் போன கப்பலின் பெயர், நாய் இனத்தின் பெயரும் அதுதான். குரோமிற்றும் பீகிள் இனமென்றே சொல்வார்கள். பேராசிரியர் கொலின் பிலிஞ்சர் வருடக்கணக்காக அலைந்து, பணம் திரட்டிச் செவ்வாய்க்கு அனுப்பினார். இறங்கவேண்டிய நாள் 2003 கிறிஸ்மஸ். சத்தமே இல்லை. நொறுங்கிப் போயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிலிஞ்சர் 2014இல் காலமானார். அடுத்த ஜனவரியில், செவ்வாயைச் சுற்றுகிற அமெரிக்க விண்கலம் எடுத்த படத்தில் அது தெரிந்தது. நொறுங்கவில்லை! நல்லபடியாக இறங்கித்தான் இருந்தது. சூரியத் தகடுகள் முழுக்க விரியவில்லை, அதனால் அடியில் இருந்த அன்ரெனா வெளியே வரமுடியவில்லை. வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொல்ல ஒரு கை வேண்டுமே, அந்தக் கை மடங்கிக் கிடந்தது. இந்தச் செய்தியைப் படித்த அன்று, ஊரிலிருந்து புறப்பட்டு வழியில் தொடர்பு விட்டுப்போன எத்தனையோ பேரை நினைத்தேன். அதை இங்கே நீட்டவேண்டாம்.

அடுப்பை நடுவில் விட்டுவிட்டு வந்தேன். வொலஸைக் கண்டதும் அது பொல்லை எடுத்துக்கொண்டு பின்னால் பதுங்கி வருகிறது. கையை ஓங்குகிறது. ஓங்கின கை அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. காசு முடிந்துவிட்டது! இந்தப் படத்தின் மிகப் பெரிய சிரிப்பு இதுதான். அசையாத கையைப் பார்த்துச் சிரிக்கிறோம். 24 படமும் ஒரே படம். ஏழு வருடமாக ஒவ்வொரு மயிரிழையாக அசைத்துக்கொண்டே வந்த மனிதன், அசைக்காமல் விட்டுச் சிரிக்கவைக்கிறான்.

வொலஸ் திரும்பிப் பார்க்கிறார். தலைக்குமேல் பொல்லு. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நினைவுப்பொருள் நன்றாயிருக்கிறதே என்று அதைக் கையிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு, பதிலுக்கு இன்னொரு காசைத் துளையில் போடுகிறார். இரண்டாவது காசு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்பு மறுபடி எழும்புகிறது. இந்தத் தரம் அது வேலைக்குப் போகவில்லை. ரொக்கெற்றைப் பார்க்கிறது. இவர்களோடு போனால் அந்தப் பனிமலைக்குப் போகலாம் என்று புரிகிறது. ஓடுகிறது. பயந்துபோன வொலஸும் குரோமிற்றும் ஏறிக் கதவைச் சாத்துகிறார்கள். அடுப்புக்குக் கால் இல்லை, ஏணி ஏற முடியாது. ரின் வெட்டுகிற கருவியால் ரொக்கெற்றின் தகட்டை வெட்டி உள்ளே நுழைகிறது. இருட்டு. ஒரு நெருப்புக்குச்சியைக் கிழிக்கிறது. எரிபொருள் நிறைந்த இடத்தில்! வெடிப்பு அதை வெளியே தூக்கி எறிகிறது. ரொக்கெற் போய்விடுகிறது. களவாக ஏறப் பார்த்தவன் கரையில் நிற்கிறான், கப்பல் போய்விட்டது. இந்த மண்டபத்தில் இதற்கு விளக்கவுரை வேண்டுமா?

கையில் என்ன இருக்கிறது? பிய்ந்து வந்த இரண்டு நீளத் தகடு. ரொக்கெற்றின் தோல். கொஞ்ச நேரம் சோர்ந்து நிற்கிறது. பிறகு அந்தத் தகடுகளைப் பார்க்கிறது. வளைக்கிறது. சில்லுக்குக் கீழே கொடுக்கிறது. சந்திரனின் மேட்டிலிருந்து சறுக்குகிறது பாருங்கள்! பனி இல்லை, அதனால் என்ன? மலை இருக்கிறது.

போன மாதம் இதே படத்தை வீட்டில் போட்டேன். ஏழு வயதுப் பேத்தி. முடிந்ததும் கேட்டாள்: 'அப்பப்பா, அந்த செக்கண்ட் கொயின் எப்ப முடியும்?'

எனக்கு விடை தெரியவில்லை. 1990இலிருந்து எத்தனையோ தரம் பார்த்த படம். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவேயில்லை. முதல் காசு முடிந்து கை அந்தரத்தில் நின்றதைப் பார்த்துச் சிரித்தவன் நான். இரண்டாவது காசும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? தட்டுப் பொறுக்காமல், ரிக்கெற் எழுதாமல், அந்தக் காசு முழுவதையும் சறுக்கிச் செலவழிக்கிறதே, அது எந்த இடத்தில் முடியும்? மேட்டில் ஏறும்போதா, இறங்கும்போதா? மீற்றரின் பிடியைத் திருகிய கை என்னுடையது. ஆனாலும் நான் யோசிக்கவில்லை, காசு போடுகிற மீற்றரைக் கண்டிராத பிள்ளை யோசித்தாள்.

அவளுக்கு என்ன பதில் சொல்வது? திரும்ப ஓட்டிப் பார்ப்போம் என்றேன். ஓட்டிப் பார்த்தோம். படம் அது நிற்பதைக் காட்டவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுகிறார்கள். அதற்கு முன், வீட்டுக்குத் திரும்புகிறவர்களைப் பார்த்து அது ஒரு காரியம் செய்கிறது. பொல்லு ஓங்கின அதே கை. நீங்கள் சற்றுமுன் சிரிப்பிலும் கைதட்டலிலும் அதைச் சரியாகப் பார்த்திருக்கமாட்டீர்கள்.

ஆகவே சபைத் தலைவரிடம் ஒரு விண்ணப்பம். எனக்கு இன்னும் ஐந்து நிமிடம் மிச்சம் இருப்பதாகக் கடிகாரம் சொல்கிறது. அந்த ஐந்து நிமிடத்தை நான் பேசாமல் திருப்பிக் கொடுக்கிறேன். தம்பி, புரொஜெக்ரருக்குப் பக்கத்தில் நிற்கிற தம்பி, ரொக்கெற் கிளம்புகிற இடத்திலிருந்து மறுபடி போடுங்கோ. பிள்ளையள், சத்தம் போடாமல் இருங்கோ. வொலஸைப் பார்க்கவேண்டாம், குரோமிற்றைப் பார்க்கவேண்டாம், கையை மட்டும் பாருங்கோ.

லைற்றை நிற்பாட்டுங்கோ.